புதியவளுக்கு யார் பெயர் வைப்பது?

போன மாதம் என் தம்பி மகள் கொழும்பிலிருந்து லீவில் வந்திருந்தாள். அங்கே ஒரு புடவைக்கடையில் வேலை செய்கிறாள். இரவுச் சாப்பாடு முடிந்து இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தபோது கைத்தொலைபேசியை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"அத்தை, இதப் பாருங்க. இந்த வெள்ளைக்காரப் புள்ள தன்னையே 'பேபி விட்ச்'னு சொல்லிக்கிறா."

"அப்படின்னா என்னம்மா?"

"சின்னச் சூனியக்காரின்னு வச்சுக்கங்களேன். இப்பத்தான் பழக ஆரம்பிச்சவன்னு அர்த்தம். அங்க அது ஒரு பெருமை அத்தை."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சாதாரணமாகச் சொன்ன அந்தச் சூனியக்காரி என்ற சொல்லை எங்கள் லயத்தில் என் சின்னம்மாவுக்குச் சொன்னார்கள். சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அடுத்த நாள் அந்தப் பிள்ளையையே உட்கார வைத்து விசாரித்தேன். பிறகு எங்கள் மாதர் சங்கத்துக்கு வரும் ஆசிரியை ஒருவரிடம் கேட்டும் வாசித்தும் தெரிந்துகொண்டேன். அதையும் எங்கள் வீட்டுக் கதையையும் சேர்த்து உங்களுக்கு எழுதுகிறேன், சகோதரிகளே.

அங்கே புதியவர்களுக்கு வைக்கும் பெயர்கள்

ஐரோப்பாவில் பதினைந்தாம் நூற்றாண்டு முதல் பதினெட்டாம் நூற்றாண்டு வரை சூனியக்காரர் என்று குற்றஞ்சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டோர் சுமார் 40,000 முதல் 60,000 பேர் வரை இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். பிரித்தானியாவில் 1735 இல் வந்த சூனியச் சட்டம் 1951 இல்தான் நீக்கப்பட்டது. ஸ்கொட்லாந்தின் முதலமைச்சர் நிக்கோலா ஸ்டேர்ஜன் 2022 மார்ச் 8ஆந் திகதி, மகளிர் தினத்தன்று, அந்த நாட்டில் முன்னர் தண்டிக்கப்பட்டவர்களுக்காக மன்னிப்புக் கேட்டார்.

சட்டம் நீங்கி மூன்று வருடங்களில், 1954 இல், ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயர், சூனியக்காரர் என்ற பெயரை வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட ஒரு சமயக் குழுவைப் பற்றி நூல் எழுதினார். இன்று 'விக்கா' என்று அழைக்கப்படும் புதிய சமயம் பரவியது அவரால்தான். பிறருக்குக் கேடு செய்வது அதன் நோக்கமல்ல. நிலவையும் பருவங்களையும் ஒரு பெண் தெய்வத்தையும் ஓர் ஆண் தெய்வத்தையும் வணங்குகிறார்கள்.

நான் ஆச்சரியப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. இந்தக் கார்ட்னர் 1900 இல், பதினாறு வயதில், இலங்கைக்குத் தேயிலைத் தோட்ட வேலை பழக வந்தவர். பின்னர் பெலிஹுல்ஓயாப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தை நடத்தினார். பெலிஹுல்ஓயாவும் எங்கள் றக்வானையும் ஒரே இரத்தினபுரி மாவட்டம். எங்கள் பாட்டன்மார் பேர் போட்டு உழைத்த காலத்தில் அவர் இந்த மாவட்டத்தில் ஒரு துரை. எங்கள் சாமியாட்டத்திலிருந்து அவர் ஏதும் எடுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 1910 இல் கொழும்பில் ஃபிரீமேசன் சங்கத்தில் சேர்ந்தார். அந்தச் சங்கத்தில் மூன்று படிகள் உண்டு. முதற் படியில் இருப்பவர் தொழில் பழகுபவர், இரண்டாவதில் கூட்டாளி, மூன்றாவதில் ஆசான். பிற்காலத்தில் அவர் பரப்பிய சமயத்திலும் மூன்று படிகள் இருந்தன. இரண்டுக்கும் உள்ள ஒற்றுமையை ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட குழுக்களில் ஒருவர் தானாகப் பெயர் வைத்துக்கொள்ள முடியாது. பழையவர்கள்தான் கொடுக்க வேண்டும். ஒரு வருடமும் ஒரு நாளும் பழக வேண்டும் என்பது பல குழுக்களின் வழக்கம். புதியவரை 'நியோஃபைட்' என்று சொல்வார்கள். அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள் புதிதாக நட்ட கன்று என்பதாம். தேயிலைக் கன்றை நாற்றுமேடையில் நிழல் கட்டி, தண்ணீர் ஊற்றி வைத்திருந்து, வேர் பிடித்த பிறகே மலைக்குக் கொண்டுபோகும் நமக்கு இந்தச் சொல் புரியாமல் போகாது.

1988 இல் ஸ்கொட் கனிங்ஹாம் என்ற அமெரிக்கர், குழுவில் சேராமல் தனியாகச் செய்ய விரும்புவோருக்கு ஒரு கைநூல் எழுதினார். யாரும் கொடுக்காமலே தொடங்கலாம் என்ற எண்ணம் பலருக்கு வந்தது. இணையம் வந்தபின் இன்னும் பலர் சேர்ந்தார்கள். அப்படிச் சேர்ந்த புதியவர்களின் பெயர்தான் 'பேபி விட்ச்'. சிலர் அதை விரும்பி வைத்துக்கொள்கிறார்கள். வளர்ந்த பெண்ணைக் குழந்தை என்பதா என்று வேறு சிலருக்குக் கோபம். ஒரு புத்தகத்தை வாசித்துவிட்டு எல்லாம் தெரிந்ததுபோலப் பேசுபவரைப் பழையவர்கள் 'பஞ்சு முயல்' என்ற பொருளில் கேலி செய்வார்கள். 2020 இல் டிக்டொக்கில் சில பேபி விட்ச்கள் நிலவுக்கே சாபம் போட்டுவிட்டார்கள் என்று ஒரு கதை பரவியபோது, அந்தக் கேலி உலகம் முழுதும் கேட்டது.

ஆக, அங்கேயும் வாசலில் நிற்பவளை ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள்தான் அளக்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வசதி இருக்கிறது. பெயர் பிடிக்காவிட்டால் கைத்தொலைபேசியை மூடி வைத்துவிட்டுப் போய்விடலாம்.

சாமியா, பேயா?

தோட்டத்திலும் புதியவர்களுக்குப் பெயர் உண்டு. மலைக்கு முதன்முதல் போகிறவள் 'பழகுற ஆள்'. கொழுந்து நிறை வராவிட்டால் அவளுக்கு 'அரைப்பேர்'. ஐயப்பனுக்கு முதல் தடவை மாலை போட்டவர் 'கன்னிச்சாமி', அவரை நடத்திச் செல்பவர் 'குருசாமி'. கன்னிச்சாமியை யாரும் கேலி செய்வதில்லை. பாதை தெரியாதவர் என்று பக்குவமாகப் பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு பெண் முதல் தடவையாக ஆடும்போதுதான் நிலைமை வேறு. மாரியம்மன் திருவிழாவில் தப்பு முழங்க, ஒருத்தி திடீரென்று நடுங்கி, முடி அவிழ்ந்து ஆடுகிறாள். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். வந்திருப்பது சாமியா, பேயா?

"யாரு நீ? எங்கயிருந்து வந்த? என்னா வேணும்?" என்று பூசாரி கேட்பார். அவள் வாயிலிருந்து வரும் பதிலை வைத்துப் பெயர் விழும். மாரியம்மா என்றால் அவள் 'சாமி வந்தவள்'. காலில் விழுந்து திருநீறு வாங்குவார்கள். செத்துப்போன யாருடைய பெயராவது வந்தால் அவள் 'பேய் பிடிச்சவள்'. கோடாங்கியைக் கூப்பிடுவார்கள். உடுக்கை, வேப்பங்குழை, சில இடங்களில் பிரம்பு. ஆடியவள் ஒருத்தியே. ஆனால் ஒரு பெயர் அவளைக் கும்பிட வைக்கும், இன்னொரு பெயர் அவளை அடிக்க வைக்கும்.

மறைந்த பேராசிரியர் கணநாத் ஒபேசேகர, கதிர்காமத்தில் சடாமுடியோடு வாழ்ந்த பெண் அடியார்களைப் பற்றி 1981 இல் ஓர் ஆய்வு நூல் வெளியிட்டார். பின்னாளில் அருள்வாக்குச் சொல்பவர்கள் என்று மதிக்கப்பட்ட அவர்களில் பலருக்கு, ஆரம்பத்தில் சொந்த வீட்டார் வைத்த பெயர் பேய் பிடித்தவள் என்பதுதான். பேயோட்டவும் முயன்றிருக்கிறார்கள். தனக்கு வந்தது தெய்வந்தான் என்று வீட்டாரை ஏற்க வைக்க அந்தப் பெண்கள் நெடுநாள் போராட வேண்டியிருந்தது.

அப்படிப் போராட வலுவில்லாதவளுக்கு என்ன நடக்கும்? அதற்கு வேறு இடத்துக்குப் போகத் தேவையில்லை. எங்கள் வீட்டிலேயே பார்த்தேன்.

என் சின்னம்மா

சப்ரகமுவத் தோட்டங்களில் இருந்தவர்கள் அந்த வருடங்களை மறக்கமாட்டார்கள். 1977 ஆகஸ்டில் ஒரு தடவை. 1981 ஆகஸ்டில் மறு தடவை. 1983 ஜூலையில் இன்னொரு தடவை. 1981 இல் எனக்கு எட்டு வயது. கீழ்க்கணக்கு லயத்தில் நெருப்புத் தெரிந்ததும் அப்பா எங்களை இழுத்துக்கொண்டு றப்பர் காட்டுக்குள் ஓடினார். சின்னம்மாவும் சித்தப்பாவும் ஐந்து மாதக் கைக்குழந்தையோடு எங்களுக்குப் பின்னால் வந்தார்கள். இரண்டு இரவு காட்டில் இருந்தோம். மழை. பிள்ளைக்குக் காய்ச்சல். பயத்திலும் பசியிலும் சின்னம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. பிள்ளை அழுதால் சத்தம் கேட்கும் என்று சேலைத் தலைப்பை வாயருகே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் நாங்கள் அகதிகளாய்த் தங்கிய இடத்தில் பிள்ளை இறந்தது.

அதன்பின் சின்னம்மாவும் சித்தப்பாவும் மற்றவர்களோடு வவுனியாவுக்குப் போனார்கள். மலையகத்திலிருந்து போன நிறையப் பேர் அந்தக் காலத்தில் வன்னியில் காடு வெட்டிக் குடியேறினார்கள். 1985 இல் விறகுக்குப் போன சித்தப்பா திரும்பி வரவில்லை. அடுத்த வருடம் சின்னம்மா ஒரு பையோடு எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தாள். அம்மா காம்பராவின் ஒரு பக்கத்தைத் துணி கட்டி மறைத்துக் கொடுத்தாள்.

அடுத்து வந்த திருவிழாவில் சின்னம்மா முதன்முதல் ஆடினாள். பூசாரி கேட்ட எந்தக் கேள்விக்கும் அவள் பெயர் சொல்லவில்லை. "பால் குடு, பால் குடு" என்று மட்டும் சொன்னாள். ஆத்தா பால் கேட்கிறாள் என்றார் பூசாரி. ஒரு செம்புப் பாலைக் கொண்டுவந்து அவள் தலையில் ஊற்றினார்கள். ஊரே கும்பிட்டது. ஒரு வருடம் வரை அவள் 'சாமி வந்தவள்'. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட அவளிடம் திருநீறு வாங்க வந்தார்கள்.

பிறகு திருவிழா இல்லாத நாட்களிலும் அவளுக்கு வந்தது. பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது ஒரு நாள். பிள்ளைக்காம்பரா வாசலில் ஒரு நாள். அங்கே ஒருத்தி தன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது சின்னம்மா அந்தப் பிள்ளையைப் பார்த்து, "பால் குடு" என்று நடுங்கினாள். அடுத்த வாரம் அந்தப் பிள்ளைக்கு வயிற்றோட்டம். அன்று தொடங்கிய பேச்சு ஒரு மாதத்தில் பெயராகிவிட்டது. புருஷனைத் தின்றவள், பிள்ளையைத் தின்றவள், வன்னிக் காட்டில் சூனியம் பழகிவிட்டு வந்தவள் என்றெல்லாம் சொன்னார்கள்.

அவள் பீலிக்கு வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். நானும் நகர்ந்தேன். எனக்குப் பதினாறு வயது. என் கூட்டாளிகள் என்னையும் ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயம். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவர்கள் கேட்டதற்கு, "அது எங்க சின்னம்மா இல்ல, அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம். சூனியக்காரின்னு எங்களுக்கும் தெரியும்" என்றேன். சின்னம்மா எனக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருந்தாள். கேட்டிருப்பாள். ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவும் எனக்கு ரொட்டி சுட்டுத் தந்தாள்.

லயத்துக்குப் பின்னால் ஆட்டுக்கொட்டில் பக்கம் ஒரு தகரக் குடிசையில் அவளைக் குடிவைத்தார்கள். அங்கேயே இருந்து, பால் வெட்டுக்குப் போய், 2004 இல் இறந்தாள். இழவு வீட்டில் அம்மா அவளுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "சாமி பால் கேக்கலடி. அவ புள்ளதான் பால் கேட்டுச்சு."

அம்மாவுக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. காட்டில் அந்த இரண்டு இரவும் பக்கத்தில் இருந்தவள் அல்லவா? சொன்னால் சாமி என்ற பெயர் போய்ப் பேய் என்ற பெயர் வந்துவிடும், அடிப்பார்கள் என்று பயந்து வாயை மூடிக்கொண்டாளாம்.

நல்ல பெயர் கிடைத்த இடம்

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. மட்டக்களப்பில் யுத்த காலத்தில் அம்மன் கோயில்களில் வாக்குச் சொன்னவர்களைப் பற்றி பட்ரீசியா லோறன்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் ஆய்வு செய்து எழுதியிருக்கிறார். 1990 செப்டம்பர் 5ஆந் திகதி வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து மட்டும் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பவில்லை. அப்படிப்பட்ட நாட்களில், மகன் இருக்கிறானா இல்லையா என்று கேட்க எந்த அலுவலகக் கதவும் திறக்காதபோது, தாய்மார் அம்மன் வாசலுக்குப் போனார்கள். வாக்குச் சொன்னவர்களும் அதே யுத்தத்தில் அடிபட்டவர்கள்தான். வெளியில் சொல்ல முடியாத துயரத்தைக் கோயிலில் சொல்லவும் அழவும் முடிந்தது.

அவர்கள் சொன்ன வாக்கு பலித்ததா என்பது என் கேள்வி அல்ல. எங்கள் சின்னம்மாவைப் போன்ற பெண்களுக்கு அங்கே தாங்கும் ஒரு பெயர் இருந்தது. இழந்தவர்கள் இழந்தவர்களுடன் இருந்தார்கள். எங்கள் லயத்தில் அவள் ஒருத்திதான் இழந்தவள் என்பதுபோல நாங்கள் நடந்துகொண்டோம்.

கெட்ட பெயருக்கு எதிராக எழுந்தவர்கள்

இந்தியாவின் ஜார்கண்ட் மாநிலத்தில் சுட்னி மஹதோ என்ற பெண்ணை 1995 இல் சூனியக்காரி என்று சொல்லி ஊரார் கொடுமைப்படுத்தினார்கள். அயல்வீட்டுப் பெண்பிள்ளைக்கு நோய் வந்ததுதான் காரணம். அவர் ஊரைவிட்டு வெளியேறினார். பிறகு தன்னைப்போலப் பெயர் சூட்டப்பட்ட பெண்களுக்கு உதவத் தொடங்கினார். அசாமில் பிருபாலா ராபா என்ற பெண்ணும் 2024 இல் இறக்கும்வரை இதே பணியைச் செய்தார். இருவருக்கும் 2021 இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஒரு பெண்ணைச் சூனியக்காரி என்று பட்டம் கட்டுவதே குற்றம் என்று பீகாரில் 1999 இலும் ஜார்கண்டில் 2001 இலும் சட்டம் வந்தது. 2021 ஜூலையில் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் பேரவையும் இத்தகைய குற்றச்சாட்டுகளால் நடக்கும் கொடுமைகளை ஒழிக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது.

இந்தக் கதைகளில் பெயர் விழுந்தவர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். விதவை, தனியாக இருப்பவள், பிள்ளை இல்லாதவள், வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தவள், சிறு காணி உள்ளவள் போன்றோரே அதிகம். யுத்தம் நம்மில் எத்தனை பேரை இந்த நிலையில் விட்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

நாம் செய்யக்கூடியவை

எங்கள் மாதர் சங்கத்தில் பேசி முடிவு செய்தவற்றை இங்கே தருகிறேன்.

ஒருத்தி முதல் தடவை ஆடினால் உடனே பெயர் வைக்க வேண்டாம். அவள் விழுந்து அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டத்தை விலக்கிக் காற்றுப்பட விடுங்கள். கை கால் வெட்டி இழுத்தால், நாக்குக் கடிபட்டால், சிறுநீர் போனால் அது வலிப்பாக இருக்கலாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்க வேண்டாம், வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

அடிக்க விடாதீர்கள். சாமி பேரால் என்றாலும் பேய் பேரால் என்றாலும் அடி அடிதான். தோட்டத்துப் பெரியவர்களிடம் இதைத் திருவிழாவுக்கு முன்பே பேசி வையுங்கள்.

தெளிந்த பிறகு, அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ, தனியாக உட்கார்ந்து பேசுங்கள். "உனக்கு என்ன வந்தது?" என்று கேட்பதைவிட "உனக்கு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். சொல்ல விருப்பமில்லாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். நித்திரையின்மை, சாப்பிடாமை, சாக வேண்டும் என்ற பேச்சு இருந்தால் பெரிய வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

சூனியக்காரி என்று சொல்லி மிரட்டினால், வீட்டைவிட்டுத் துரத்தினால், அடித்தால், 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கோ பொலிசில் உள்ள சிறுவர் மகளிர் பிரிவுக்கோ அறிவியுங்கள். தனியாகப் போகப் பயமென்றால் சங்கத்திலிருந்து இரண்டு பேர் கூடப் போங்கள்.

கோயிலுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் போகிறேன். ஆத்தா வாசலில் அழுதால் மனம் இலேசாகிறது என்பது எனக்கும் தெரியும். அழவந்தவளை அழ விடுவோம் என்றுதான் சொல்கிறேன்.

தம்பி மகள் கொழும்புக்குத் திரும்பும் முன் சின்னம்மாவின் கதை முழுவதையும் அவளிடம் சொன்னேன். ரோட்டில் நான் சொன்ன பொய்யையும் மறைக்கவில்லை. அவள் வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.

"பாட்டி ஏன் அத்தை அப்பவே யாருக்கும் சொல்லல?"

"பயம்மா."

"நீங்க?"

நான் பதில் சொல்லவில்லை. சின்னம்மாவிடம் மன்னிப்புக் கேட்க எனக்குப் பதினைந்து வருடம் இருந்தது. நான் கேட்கவில்லை.

இந்த வருடத் திருவிழாவில் புதிதாய் வந்த ஒரு மருமகப் பிள்ளை ஆடினாள். சுற்றி நின்றவர்கள் வழக்கம்போலக் கேட்கத் தொடங்கினார்கள். நான் கூட்டத்துக்குள் போய் அவளைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்து, ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தேன். யாராவது கேட்டால் என்ன பெயர் சொல்வது என்று எனக்குள் யோசனை. அவளுடைய சொந்தப் பெயரைச் சொன்னேன்.